ஒரு படித் தவிடு

எடப்பாடி பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. 'மொய்தீன் ஜெராக்ஸ்' என்று பலகையில் பெரிதாக எழுதி, எழுதியவனுக்குக் காசும் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் வழி கேட்பவர்களிடம் ஊரில் எல்லோரும் "மேரி உக்காந்து எழுதுமே, அந்தக் கடை" என்றுதான் சொல்கிறார்கள். வாசலில் கிடப்பது என் மேசை, என் நாற்காலி, மேலே சுற்றுவது என் மின்விசிறி. பதினாறு வருஷமாக அங்கே உட்கார்ந்து மனு எழுதுகிறவள் இன்னாசிமேரி. வாடகை பற்றிப் பேச்செடுத்தால், "நான் எழுதற மனுவுக்கெல்லாம் சனங்க ஜெராக்ஸ் எங்க எடுக்கறாங்க பாய்?" என்று கேட்பாள்.

முதியோர் உதவித்தொகை, சாதிச் சான்று, பட்டா மாறுதல், தறிக்குடோனுக்கு மின் இணைப்பு, எதுவானாலும் எழுதுவாள். எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போன பிறகும் அவளிடம் கூட்டம் குறையவில்லை. எந்தத் தாளுக்குப் பின்னால் எந்தத் தாளை வைக்க வேண்டும், எந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும், எதைக் காலியாக விட வேண்டும் என்பது தாசில்தார் ஆபீசில் இருக்கிறவர்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அடித்தல் திருத்தல் கிடையாது. அச்சு மாதிரி எழுத்து. அவள் எழுதிய விண்ணப்பம் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. ஒரே ஒரு விண்ணப்பம் திரும்பியது. அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

மேரியின் கணவர் சவரிராயன் சங்ககிரி லாரிக்காரர். நாக்பூர், ராய்ப்பூர் என்று போனால் பதினைந்து நாள் கழித்துத்தான் ஊர் திரும்புவார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். குழந்தை இல்லை. ஈரோடு, சேலம் என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போனார்கள். வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் வந்தாள். முப்பத்தெட்டு வயதில் ஒரு நாள் மருந்துச்சீட்டையெல்லாம் கொண்டுவந்து, "இதுல வெள்ளையா இருக்கற பக்கத்துல எழுதிப் பழகலாம், வெச்சுக்கங்க" என்று என் கடையில் போட்டுவிட்டாள். "உட்டுட்டேன் பாய்" என்று சிரித்தாள். பச்சைப் பொய். பிறப்புச் சான்றுக்காகக் கைக்குழந்தையோடு யாராவது எதிரில் உட்கார்ந்தால் அவள் பேனா மெதுவாகத்தான் நகரும். ஐந்து நிமிஷ வேலையை அரைமணி நேரம் இழுப்பாள். ஊர்ச் சனமும் லேசுப்பட்டதில்லை. பேர் வைக்கிற விசேஷத்துக்கு அவளைக் கூப்பிடுவார்கள், சாப்பாடு போடுவார்கள், குழந்தையை மட்டும் மடியில் கொடுக்க மாட்டார்கள். எனக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். அவள் பாயசத்தைக் குடித்துவிட்டு வந்துவிடுவாள்.

மூன்று வருஷத்துக்கு முன் ஆனி மாதம் பூபதியும் அவன் மனைவி தனப்பிரியாவும் மேசைக்கு வந்தார்கள். பூபதி வெள்ளாண்டிவலசில் விசைத்தறி ஓட்டுகிறவன். மேரி வீட்டுக்கு அடுத்த தெருவில் வாடகைக்குக் குடியிருந்தார்கள். முதல் குழந்தை நாற்பதாம் நாள் காரணம் தெரியாமலே போய்விட்டது. இது இரண்டாவது, பெண். மூன்று மாதம் ஆகியும் மூன்றரைக் கிலோதான் இருந்தது. இரண்டு வாய் பால் குடித்தால் நெற்றியெல்லாம் வேர்த்து, மூச்சு வாங்கி, முலையை விட்டுவிடும். இதயத்தில் ஓட்டை என்றார் சேலத்து டாக்டர். மாதம் முடிவதற்குள் கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்துவிட வேண்டும், செலவு நாலு லட்சத்துக்குக் குறையாது என்றும் சொல்லிவிட்டார்.

நாலு லட்சம் என்பது பூபதி பாஷையில் ஒரு ஆயுள். "தறியோட என்னையும் சேத்து வித்தாலும் தேறாதுங்க பாய்" என்றான். அரசுக் காப்பீடு இருந்தால் ஆபரேஷனுக்குக் காசு கட்ட வேண்டாம். ஆனால் அந்த மகராசன் காப்பீட்டு அட்டையே எடுத்திருக்கவில்லை. மேரி அவனைத் திட்டிய திட்டு சந்து முழுக்கக் கேட்டது. திட்டிக்கொண்டே எழுந்து, அன்றைக்கு வந்த மனுவையெல்லாம் நாளைக்கு என்று தள்ளிவிட்டுக் கிளம்பிவிட்டாள். வருமானச் சான்று, கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்து, கலெக்டர் ஆபீசில் அட்டைப் பதிவு. பத்து நாள் ஆகிற வேலை. இரண்டே நாளில் முடித்து அட்டை எண்ணோடு வந்து நின்றாள். தறிக்காரர்கள் துண்டு விரித்துச் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். கோயம்புத்தூர் போக ஆம்னி வேன் என்னுடையது, பெட்ரோலும் என்னுடையது. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் தனப்பிரியா தனியாக வந்தாள். பன்னிரண்டாவது வரை படித்த பெண், இருபத்துமூன்று வயது இருக்கும்.

"அக்கா, இந்தப் புள்ளைய நீங்க தவிட்டுக்கு வாங்கிக்கறீங்களா?"

எங்கள் பக்கத்தில் இது பழைய வழக்கம். பிறந்த குழந்தை தங்காத வீட்டில், அடுத்த குழந்தையை வேறொருத்திக்கு ஒரு படித் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். இனி அது அந்த வீட்டுப் பிள்ளை, அதனால் எமன் தேடி வந்து ஏமாந்து போவான் என்று நம்பிக்கை. ஆபத்து நீங்கியதும் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. மேரிக்கும் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவள்.

"ஊருல எத்தனை பேர் இருக்கறாங்க. நான் எதுக்கு சாமி?" என்று கேட்டாள்.

தனப்பிரியா கொஞ்சம் தயங்கினாள். "உங்க ஊட்டுல தொட்டிலே கட்டுனதில்லீங்களே அக்கா. அந்த வாசல எமனுக்குத் தெரியாதுங்க."

என் கையிலிருந்த தாள்கட்டு கீழே விழுந்துவிட்டது. இப்படியா ஒருத்தி முகத்துக்கு நேராகச் சொல்வது என்று நான் வாயைத் திறப்பதற்குள் மேரி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "பாய், சித்தெ போய்த் தவிடு வாங்கிட்டு வாங்க" என்றாள்.

இந்தக் காலத்தில் எவன் வீட்டில் தவிடு இருக்கிறது? மாட்டுத்தீவனக் கடையில் போய் ஒரு படி கேட்டால், மூட்டையை உடைக்க முடியாது என்கிறான். கடைசியில் ஐந்து கிலோ பையாகத் தலையில் கட்டினான். சாயங்காலம் மேரி வீட்டு வாசலில் வைத்து நடந்தது. உள்ளே மேரி, வெளியே தனப்பிரியா. முறத்தில் துணி விரித்துக் குழந்தையைக் கிடத்தி நிலைப்படிக்கு மேலாக நீட்டினாள். மேரி ஒரு படித் தவிட்டை அளந்து தனப்பிரியாவின் மடியில் கொட்டிவிட்டுக் குழந்தையை எடுத்தாள். அவள் கையில் நான் பார்த்த முதல் குழந்தை அதுதான். எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல், முக்கியமான தாளைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் தட்டையாக ஏந்திக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலையில் கிளம்பினோம். சங்ககிரி வந்து பைபாஸ் ஏறினதும் குழந்தை சிணுங்கியது. மேரி மடியில் இருந்தது. தனப்பிரியா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே, "அக்கா, உங்க புள்ளைக்குப் பசிக்குதுங்க. பால் குடுக்கட்டுங்களா?" என்று கேட்டாள். கண்ணாடியில் பார்த்தேன். விளையாட்டில்லை, நிஜமாகவே அனுமதி கேட்கிறாள். சொந்தம் கொண்டாடினால் பிள்ளை போய்விடும் என்கிற பயம் அந்த முகத்தில் அப்படியே இருந்தது. "குடு சாமி" என்றாள் மேரி. பெருந்துறைக்கு முன்னால் ஒரு தடவை, அவினாசியில் ஒரு தடவை, ஒவ்வொரு முறையும் கேட்டாள். ஒவ்வொரு முறையும் மேரி அனுமதி கொடுத்தாள். மூன்றாவது தடவை அவள் குரலே மாறியிருந்தது. பிள்ளை பெற்றவள் குரல்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கைக்கும் காப்பீட்டுக்குமாக ஒரு விண்ணப்பத்தாளைக் கொடுத்தார்கள். மேரி இருக்கும்போது வேறு யார் எழுதுவது? தாளை என் முதுகில் வைத்தா எழுதுவாள், நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்து நிதானமாக எழுதினாள். தகப்பன் பெயர் பூபதி. அடுத்த கட்டம், தாயின் பெயர். பேனா நின்றது. தனப்பிரியா அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "உங்க பேரே எழுதுங்கக்கா. எம் பேரு எங்கயும் வரக்கூடாதுங்க, உங்களக் கும்புடறேன்" என்றாள்.

பிறப்புச் சான்றில் என்ன பெயர் இருக்கிறது என்பது மேரிக்குத் தெரியும், அந்த மனுவை எழுதியவளே அவள்தான். இரண்டு தாளில் இரண்டு பெயர் இருந்தால் என்ன ஆகும் என்பதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவள். தனப்பிரியா கும்பிட்டதால் எழுதினாள் என்று பிறகு எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் பக்கத்தில் நின்றேன். அவள் ஆசைப்பட்டு எழுதினாள். இன்னாசிமேரி என்று எழுதிவிட்டு, மை காயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தடுத்திருக்க வேண்டியவன் நான். எனக்கு மனசு வரவில்லை.

இரண்டு நாள் அந்த ஆஸ்பத்திரியில் அவள்தான் தாய். கட்டில் தலைமாட்டு அட்டையில் அவள் பெயர். நர்ஸ் வந்து, "பேபி ஆஃப் இன்னாசிமேரி" என்று கூப்பிடும்போதெல்லாம் எழுந்து ஓடுவாள். ஒரு தடவை கழிவறைக்குப் போயிருந்தபோது கூப்பிட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, அதன் பிறகு காபி குடிக்கக்கூட இறங்கவில்லை.

மூன்றாம் நாள் புதன்கிழமை, காப்பீட்டு மேசையிலிருந்து ஆள் வந்தது. விண்ணப்பம் திரும்பிவிட்டது. குடும்ப அட்டையில் குழந்தை பெயர் இன்னும் ஏறவில்லை, பிறப்புச் சான்றுதான் ஆதாரம். அதில் தாய் தனப்பிரியா. விண்ணப்பத்தில் தாய் இன்னாசிமேரி. அந்த மேசையில் இருந்த பெண் சின்ன வயது, மரியாதையானவள். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாள். "இது யாரோட குழந்தைங்க? எங்கிருந்து வந்துச்சு?"

ஆபரேஷனுக்கு வியாழக்கிழமை காலை குறித்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் ஒப்புதல் வராவிட்டால் அந்த இடம் வேறு குழந்தைக்குப் போய்விடும், அடுத்தது பன்னிரண்டு நாள் கழித்து. குழந்தைக்கு ஏற்கெனவே சளி கட்டியிருந்தது. பன்னிரண்டு நாள் தாங்குமா என்று டாக்டரைக் கேட்டான் பூபதி. டாக்டர் அவன் தோளில் கையை வைத்தார்.

தனப்பிரியா ஒரே பிடியாக நின்றாள். "நான் அம்மான்னு சொல்ல மாட்டேனுங்க. சொன்னா எம் புள்ள…" என்று ஆரம்பித்து, 'எம் புள்ள' என்று வாயில் வந்துவிட்டதே என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேரி எழுந்து மேசைக்குப் போனாள். "நான் அம்மா இல்லீங்க" என்றாள். அந்தப் பெண், அதை எழுத்தில் வேண்டும் என்றாள். வாசகத்தையும் அவளே சொன்னாள். 'தாயின் பெயர் என்னுமிடத்தில் என் பெயரைத் தவறுதலாக எழுதிவிட்டேன். எனக்கும் இக்குழந்தைக்கும் எவ்வித உறவும் இல்லை.' மேரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அந்தப் பெண் படித்துப் பார்த்துவிட்டு, "கடைசியில 'இல்லை' விட்டுப்போச்சுங்களே" என்றாள். 'எவ்வித உறவும்' என்பதோடு நிறுத்திக் கீழே கையெழுத்துப் போட்டிருந்தாள். அதுவரைக்கும் ஒரு எழுத்தை விட்டவளில்லை. புதுத் தாளில் முதலிலிருந்து மறுபடியும் எழுதச் சொன்னார்கள். இரண்டாவது தடவை முழுதாக எழுதிக் கொடுத்தாள். நான் வெளியே வந்து, எதற்கென்று இல்லாமல் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது வந்த கோபத்துக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

தனப்பிரியா அழுது தீர்த்தாள். "நீங்களே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டீங்களே அக்கா. அவனுக்குத் தெரிஞ்சுருமே!"

"எமன் என்ன காப்பீட்டு ஆபீசுலயா வேலை பாக்கறான்? காயிதம் வேற, தவிடு வேற சாமி. நான் குடுத்த தவிடு குடுத்ததுதான்" என்றாள் மேரி.

அதில் தனப்பிரியா சமாதானமானாள். சாயங்காலம் ஐந்தரைக்கு ஒப்புதல் வந்தது. மறுநாள் ஆறு மணி நேரம் ஆபரேஷன். பிழைத்துவிட்டது. டாக்டர் வந்து சொன்னதும் பூபதி அவர் காலில் விழப்போய்த் தவறி என் காலில் விழுந்தான்.

தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குள் பெற்றவர்களை மட்டும்தான் விடுவார்கள். காவலாளி தாளைப் பார்த்தான். மேரி பெயர் எங்கேயும் இல்லை. ஒன்பது நாள் கதவுக்கு வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தனப்பிரியா உள்ளே போவதற்கு முன், "பாத்துட்டு வரட்டுங்களாக்கா?" என்று கேட்பாள். "பாத்துட்டு வா. கால் வெரல் எந்த நெறத்துல இருக்குதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு" என்பாள் இவள்.

ஊர் திரும்பி இரண்டு மாதத்தில் பூபதி வேலை பார்த்த தறிக்குடோனை மூடிவிட்டார்கள். பள்ளிபாளையத்தில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டான். தவிட்டுக் கணக்கு தீராமலே நின்றது. மேரியின் நிலைமை வேடிக்கையானது. அவர்கள் தவிடு கொண்டுவராத வரைக்கும் குழந்தை அவளுடையது. ஆனால் அவர்கள் வராவிட்டால் குழந்தையைப் பார்க்க முடியாது. சந்துக்குள் ஆட்டோ நுழைந்தால் நிமிர்ந்து பார்ப்பாள், அவர்கள் இல்லை என்றதும் அவள் முகத்தில் ஏமாற்றமும் வரும், ஒரு நிம்மதியும் வரும். தனப்பிரியா வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடுகிற படங்களை மேரி என் போனுக்கு அனுப்பி, கலரில் அச்செடுக்கச் சொல்வாள். குப்புற விழுந்த படம், முதல் பல், காது குத்து. அரசு ஆணை நகல்கள் வைக்கிற கோப்பில் அதையும் சேர்த்து வைத்திருக்கிறாள். ஒரு முறை பள்ளிபாளையம் பஸ் ஏறிப் போய், அங்கே நிலையத்தில் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தாள். ஏன் என்று கேட்டேன். "புள்ளையக் குடுத்தவங்கதான் பாய் தேடி வரோணும். நான் போனா, பங்கு கேக்க வந்தாப்பல இருக்கும்" என்றாள். சவரிராயன் ராய்ப்பூரிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு பொம்மை வாங்கி வருவார். பிரிக்காமல் பரண்மேல் ஏழெட்டு இருக்கிறது.

போன சித்திரையில், ஜும்மா தொழுதுவிட்டு நான் கடைக்குத் திரும்பியபோது தனப்பிரியா வந்திருந்தாள். மூன்று வயதுப் பெண் ஒன்று என் ஜெராக்ஸ் இயந்திரத்தின் பச்சை விளக்கை நோண்டிக்கொண்டிருந்தது. சட்டைக் கழுத்துக்கு மேலே தழும்பின் நுனி தெரிந்தது.

"பேரென்ன சாமி?" என்றாள் மேரி. நாற்காலியைவிட்டு எழவில்லை, எழ முடியவில்லை என்று நினைக்கிறேன்.

"கனிஷ்கா."

"யாரு புள்ள நீ?"

"அம்மா புள்ள" என்று தனப்பிரியாவின் புடவையைப் பிடித்துக்கொண்டது. மேரி சிரித்தாள்.

தனப்பிரியா பள்ளிக்கூட விண்ணப்பத்தை எடுத்து வைத்தாள். "எல்.கே.ஜி.க்குங்கக்கா. நானே எழுதியிருப்பேன். உங்க கையால எழுதோணும்னு கொண்டாந்தேன்." மேரி பேனாவை எடுத்தாள். பிறந்த தேதியைக் கேட்கவில்லை, ரத்த வகையைக் கேட்கவில்லை. எல்லாம் அவளுக்குத் தெரியும். அந்தக் கட்டம் வந்தது. தனப்பிரியா தலையைத் திருப்பி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மேரி நிறுத்தாமல், நல்ல தெளிவான எழுத்தில், தனப்பிரியா என்று எழுதினாள். நான் நகல் எடுத்தேன். அடித்தல் திருத்தல் இல்லை.

அப்புறம் தனப்பிரியா கட்டைப்பையைத் திறந்து ஒரு புதுப்புடவையையும், முடிச்சுப் போட்ட துணி ஒன்றையும் மேசைமேல் வைத்தாள். ஒரு படித் தவிடு. "பள்ளிக்கூடம் சேக்கறதுக்கு முந்தி வாங்கிரோணும்னு ஊட்டுல சொன்னாங்க" என்றாள், மேரியைப் பார்க்காமலே.

மேரி முடிச்சை அவிழ்க்கவில்லை. ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். "இங்க என்ன மாடா கட்டி வெச்சிருக்கறேன்? ஊட்டுல தவிடு வெக்க எடமில்ல சாமி. இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்."

"எப்பங்கக்கா?"

"அவ பத்தாவது பாஸ் பண்ணட்டும்."

மூன்று அறை, மொட்டைமாடி, ஆள் இரண்டே பேர். அந்த வீட்டில் ஒரு படித் தவிடு வைக்க இடமில்லையாம். நான் அடுக்கிய தாளையே மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தேன். தனப்பிரியா புடவையை மட்டும் மேசையில் விட்டுவிட்டு, தவிட்டு முடிச்சை எடுத்துத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"அக்கா, உங்க புள்ளைக்குப் பசிக்குதுங்க. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டுங்களா?"

மேரி எழுந்து, மின்விசிறி வேகத்தில் பறந்துகொண்டிருந்த குழந்தையின் முடியை ஒதுக்கிவிட்டாள்.

"கூட்டிட்டுப் போ. வெயிலா இருக்குது, தலைக்குத் துணி போடு" என்றாள்.